உழைப்பும் உறக்கமும்

பிடித்த வேலையைச் செய்தால் களைப்பே தெரியாது என்று இன்றைக்கு இளைஞர்களிடம் எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். பிடித்த வேலையில் களைப்பு தெரியாமல் போகலாம். ஆனால் உடம்பு களைத்துக்கொண்டேதான் இருக்கும். தெரிகிற களைப்புக்கு நாம் உட்கார்ந்து விடுவோம். தெரியாத களைப்புதான் ஆளைச் சாய்க்கும். இந்த மீதிப் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஜப்பானில் மங்கா என்னும் படக்கதைகளை வரைகிற ஓவியர்கள்.

அறுபதைத் தாண்டிய வயதில் மங்காவா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த தலைமுறை நாங்கள். படக்கதை எங்களுக்குப் புதிதல்ல. ஓய்வு பெற்ற பிறகு பேத்தியின் அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். பக்கங்களை வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டும், கட்டங்களையும் அப்படியே படிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கண் பழகிவிடுகிறது. முதலில் கதைகளைப் படித்தேன். பிறகு அவற்றை வரைந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடிப் படித்தேன். வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் அந்த வாழ்க்கைகளிலிருந்து சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில் அந்தத் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் மங்கா பெரும்பாலும் புத்தகமாகப் பிறப்பதில்லை. மலிவுத் தாளில் அச்சாகும் தடித்த இதழ்களில் தொடராக வந்து, பிறகுதான் தொகுதிகளாகிறது. 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' இதழ் 1994இன் இறுதியில் ஒரே வாரத்தில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதில் தொடர் வரைபவர் வாரத்துக்கு ஏறத்தாழ 19 பக்கங்கள் கொடுக்க வேண்டும். கட்டம் பிரித்துப் பென்சிலில் ஒரு வரைவு போட்டு, தனக்கென்று நியமிக்கப்பட்ட ஆசிரியரிடம் காட்டுவார். அவர் திருத்தம் சொல்வார். ஒப்புதல் கிடைத்த பிறகு மையில் வரைய வேண்டும். பின்னால் தெரியும் கட்டடம், மரம், நிழல் எல்லாம் உதவியாளர்களின் வேலை. இதழோடு வரும் அஞ்சலட்டையில் வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த கதைகளைக் குறித்து அனுப்புவார்கள். வாக்கு குறைந்த தொடர் சில மாதங்களிலேயே நிறுத்தப்படும். நிறுத்தப்பட்டால் பிழைப்பு போச்சு. நிறுத்தப்படாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு 19 பக்கம். இந்த நெருக்கடியில் முதலில் பலியாவது தூக்கம்.

இந்தத் தொழிலின் தலைமகன் ஒசாமு தெசுகா. நான் அவரிடம் சென்றது 'புத்தா' வழியாக. 1972 முதல் 1983 வரை அவர் வரைந்த நெடுங்கதை அது. புத்தரின் கதையை அவர் அரண்மனையிலிருந்து தொடங்கவில்லை. சாப்ரா என்ற அடிமைச் சிறுவனையும் தத்தா என்ற தீண்டப்படாத சிறுவனையும் தாமே படைத்து, அவர்களிடமிருந்து தொடங்கினார். சித்தார்த்தர் பிறப்பதற்கு முன்பே சாதியின் கொடுமை நம் கண்முன் நடந்து முடிந்துவிடுகிறது. புத்தர் இந்த மண்ணுக்கு ஏன் தேவைப்பட்டார் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன இன்னொரு கதையை நான் படித்ததில்லை. படக்கதை என்றால் குழந்தைகளுக்கு என்று நினைப்பவர்கள் இந்த முதல் தொகுதியை மட்டும் படித்தால் போதும்.

தெசுகா 1928இல் பிறந்தவர். ஒசாகாவில் மருத்துவம் படித்து, உரிமமும் பெற்று, அதை விட்டுவிட்டு வரைய வந்தவர். படித்த படிப்பு வீண்போகவில்லை. 1973இல் அவர் தொடங்கிய 'பிளாக் ஜாக்', உரிமமே இல்லாமல் அறுவை சிகிச்சை செய்யும் ஒரு மேதையின் கதை. அதில் ஓர் அத்தியாயத்தை என்னால் மறக்க முடியாது. சிறுவயதில் பிளாக் ஜாக்கின் உயிரைக் காப்பாற்றிய முதிய மருத்துவர் ஹொன்மா சாகக் கிடக்கிறார். பிளாக் ஜாக் அவருக்கு அறுவை சிகிச்சை செய்கிறார். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் கிழவர் இறந்துபோகிறார். எவ்வளவு பெரிய கைக்கும் ஓர் எல்லை உண்டு என்று மருத்துவம் படித்த ஓவியர் நமக்குக் காட்டினார்.

ஆனால் தம் கைக்கு அவர் எல்லை வைத்துக்கொள்ளவில்லை. ஒரே சமயத்தில் பல இதழ்களுக்கு வரைந்தார். அது போதாதென்று அனிமேஷன் நிறுவனம் தொடங்கி, 1963இல் தாம் படைத்த 'ஆட்டம்' (Atom) என்ற இயந்திரச் சிறுவனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். பத்தே ஆண்டுகளில் அந்த நிறுவனம் திவாலானது. அதற்குப் பிறகும் அசரவில்லை. 'பிளாக் ஜாக்' பிறந்தது அந்த ஆண்டில்தான். வாழ்நாளில் ஏறத்தாழ 700 படைப்புகள், 1,50,000 பக்கங்கள் வரைந்தார். 1989 பிப்ரவரி 9ஆம் தேதி வயிற்றுப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 60. மருத்துவமனைப் படுக்கையிலும் வரைந்துகொண்டிருந்தார். வாழ்நாள் கதை என்று அவர் கருதிய 'பீனிக்ஸ்' பாதியில் நின்றது. பேத்தோவன் பற்றிய கதையும் பாதியில் நின்றது. அந்த மனிதர் இன்னும் இருபது ஆண்டுகள் இருந்திருந்தால் அவை என்னவாக முடிந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கிறது.

தெசுகாவிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. டோக்கியோவின் தோஷிமா பகுதியில் டோக்கிவா-சோ என்று இரண்டு மாடி மரவீடு ஒன்று இருந்தது. 1953இல் தெசுகா அங்கே ஓர் அறையில் குடியிருந்தார். அடுத்த ஆண்டு காலி செய்தபோது, அந்த அறையை ஃபுஜிகோ ஃபுஜியோ என்ற ஒரே புனைபெயரில் இணைந்து வரைந்த இரண்டு இளைஞர்களுக்கு விட்டுக்கொடுத்தார். வாடகை முன்பணத்துக்கு வழியில்லாத அவர்களுக்காகத் தாம் கட்டியிருந்த பணத்தையும் அப்படியே விட்டுச் சென்றார். அந்த இருவரில் ஒருவர்தான் பின்னாளில் 'டோரேமான்' வரைந்தவர். இன்று நம் வீட்டுக் குழந்தைகள் தொலைக்காட்சியில் தமிழிலேயே பார்க்கும் அந்த நீலப் பூனை, ஒரு மூத்தவர் திரும்பக் கேட்காத முன்பணத்துக்கும் கடன்பட்டது. ஷோதாரோ இஷிநோமோரி, ஃபுஜியோ அகாத்சுகா போன்றவர்களும் அதே வீட்டில் தங்கி வளர்ந்தார்கள். 1982இல் இடிக்கப்பட்ட அந்த வீட்டை ஊரார் மறக்கவில்லை. 2020இல் அதே தோற்றத்தில் அருங்காட்சியகமாகத் திரும்பக் கட்டினார்கள். தொழிலில் முன்னே போனவர்கள் பின்னே வருபவர்களுக்கு இடம் விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் தெசுகாவிடமிருந்து இன்னொன்றையும் கற்றார்கள். தூங்காமல் வரைவது. 'சைபோர்க் 009' படைத்த இஷிநோமோரி, உலகிலேயே அதிகப் பக்கங்கள் வரைந்தவர் என்று கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றவர். 1998இல் தமது 60ஆம் வயதில் காலமானார். 'டோரேமான்' ஓவியர் 1996இல் வரைமேசையில் மயங்கி விழுந்தவர் எழவில்லை. அவருக்கு வயது 62.

இனி எனக்கு மிகவும் பிடித்தவருக்கு வருகிறேன். ஷிகெரு மிசுகி. 1922இல் பிறந்து, கடலோரச் சிற்றூரான சகாய்மினாதோவில் வளர்ந்தவர். படிப்பில் பின்தங்கியவர், காலையில் எழ மாட்டாதவர். வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கிவிட்டுத் தாமதமாகத்தான் பள்ளிக்குப் போவார். அவர் ஊரில் நோன்நோன்பா என்று எல்லோரும் அழைத்த ஒரு கிழவி இருந்தார். ஏழை. காற்றிலும் நீரிலும் பழைய வீட்டின் உத்தரத்திலும் வாழும் பேய் பிசாசுகளின் கதைகளை அந்தப் பையனுக்குச் சொன்னவர் அவர்தான். பின்னாளில் அவர் வரைந்த புகழ்பெற்ற 'கிதாரோ' கதைகளுக்கு அவை பெரிய ஊற்றாக இருந்தன. அந்தக் கிழவியையே நாயகியாக வைத்து மிசுகி வரைந்த 'நோன்நோன்பா', 2007இல் பிரான்சின் அங்குலேம் விழாவில் சிறந்த நூலாகத் தேர்வானது. பேரப்பிள்ளைக்கு ஒரு கதை சொல்ல நேரமில்லை என்கிற பெரியவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் மிசுகியைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். நியூ பிரிட்டன் தீவின் ரபாவுலுக்கு அனுப்பப்பட்டார். காவல் பணியில் இருந்தபோது தாக்குதல் நடந்து அவருடைய குழுவினர் எல்லோரும் மாண்டார்கள். அவர் ஒருவர் மட்டும் கடலிலும் காட்டிலும் தப்பி முகாமுக்கு வந்து சேர்ந்தார். மற்றவர்கள் செத்துவிட்டபோது நீ மட்டும் ஏன் உயிரோடு திரும்பினாய் என்று மேலதிகாரி கேட்டார். பிறகு மலேரியாவில் கிடந்தபோது விமானக் குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். அந்தத் தீவின் தோலாய் மக்கள்தான் அவருக்குச் சோறும் நட்பும் கொடுத்தார்கள். இங்கேயே தங்கிவிடு, நிலம் தருகிறோம் என்றார்கள். அந்த அன்பை அவர் மறக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய் அவர்களைப் பார்த்தார்.

அந்தப் போரைப் பற்றி 1973இல் அவர் ஒரு நூல் வரைந்தார். சாகும்வரை போரிடு என்று அனுப்பப்பட்ட வீரர்களில் சிலர் பிழைத்து வருகிறார்கள். நீங்கள் இறந்துவிட்டதாக மேலிடத்துக்குச் சொல்லியாகிவிட்டது, ஆகவே மறுபடி போய்ச் சாகுங்கள் என்று அவர்களுக்கு ஆணை வருகிறது. கதையில் பெரும்பகுதி தாம் கண்டதே என்று அவரே பின்னுரையில் எழுதியிருக்கிறார். மனிதர்களை எளிய கோடுகளிலும், காட்டையும் கடலையும் ஒவ்வோர் இலை தெரியும்படியும் அவர் வரைந்திருப்பதைப் பாருங்கள். மனிதர்கள் வந்து செத்துப் போகிறார்கள், காடு அப்படியே நிற்கிறது. ஒற்றைக் கையால் வரைந்த படங்கள் அவை.

போருக்குப் பின் வறுமை. படம் காட்டிக் கதை சொல்லும் தெருக் கலைஞர்களுக்கு வரைந்து கொடுத்தார். பிறகு வாடகை நூலகங்களுக்கு மங்கா வரைந்தார். பெயர் வந்தபோது நாற்பதைக் கடந்துவிட்டார். பெயர் வந்த பிறகு அவரும் கடுமையாக உழைத்தவர்தான். உழைக்காமல் அவ்வளவு வரைய முடியாது. ஆனால் தூக்கத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முதுமையில் அதைப் பற்றியே சின்னதாக ஒரு மங்கா வரைந்தார். அதில் ஒரு விருந்து. தெசுகாவும் இஷிநோமோரியும் எத்தனை இரவுகள் தூங்கவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். மிசுகி தாம் நன்றாகத் தூங்குவதைச் சொல்கிறார். அந்த இருவரும் சீக்கிரம் போய்விட்டார்களே என்ற வருத்தத்தோடு, உறங்குங்கள் என்று நம்மைக் கேட்டுக்கொள்கிறார். தாம் கண்ட வாழ்க்கையிலிருந்து இன்பமாக வாழ ஏழு விதிகளையும் அவர் எழுதி வைத்தார். புகழுக்காக எதையும் செய்யாதே என்பது அதில் ஒன்று. திறமை வேறு, வருமானம் வேறு என்பது இன்னொன்று. சோம்பலாகவும் இரு என்பது மற்றொன்று. 2015 நவம்பர் 30ஆம் தேதி அவர் மறைந்தபோது வயது 93.

தூங்கினால் எல்லோரும் 93 வயது வாழலாம் என்று நான் சொல்லவில்லை. தெசுகாவுக்குப் புற்றுநோய் வந்ததற்குத் தூக்கமின்மைதான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். நோய்க்குப் பல வழிகள் உண்டு. ஆனால் கண்விழிப்பைப் பெருமையாகப் பேசும் பழக்கம் தவறு என்று உறுதியாகச் சொல்வேன். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அந்தப் பெருமையைக் கேட்டிருக்கிறேன். இன்று கணினி நிறுவனங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடமும் நீட் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடமும் அதே பேச்சைக் கேட்கிறேன். பெற்றவர்களும் சேர்ந்து பெருமைப்படுகிறார்கள். தூங்காமல் படித்தான் என்பது பாராட்டு அல்ல. கேட்டுக் கவலைப்பட வேண்டிய செய்தி.

வேலை செய்வது மனமும் அறிவும் மட்டுமல்ல, உடம்பும்தான். இதை நன்றாக உணர்த்துகிற நூல் ஒன்று உண்டு. 1968இல் ஹிரோஷிமாவில் பிறந்த ஃபுமியோ கௌனோ என்ற பெண் ஓவியர் வரைந்த 'உலகின் இந்த மூலையில்'. போர்க்காலத்தில் குரே என்னும் துறைமுக ஊருக்கு மருமகளாகப் போன சுசு என்ற பெண்ணின் கதை. கிடைத்த கீரையைச் சமைப்பதும், பழைய துணியைத் தைப்பதும், நேரம் கிடைத்தால் படம் வரைவதும்தான் அவள் வாழ்க்கை. குண்டு வெடித்து, கூட வந்த சிறுமி இறக்கிறாள். சுசு வரைகிற தன் வலது கையை இழக்கிறாள். அதன் பிறகு வரும் பக்கங்களில் பின்னணிக் காட்சிகளைக் கௌனோ தம் இடது கையால் வரைந்தார். வீடும் மலையும் கோணலாக நடுங்குகின்றன. ஒரு கை போனால் உலகமே எப்படி மாறிப்போகிறது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டிவிட்டார். உடம்பைப் பேணச் சொன்ன திருமூலரின் மண்ணில் பிறந்த நமக்கு இது எளிதில் புரியும்.

எதற்காக உழைப்பது என்று கேட்டால் கெய்ஜி நகசாவாவைக் காட்டுவேன். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை, ஆறு வயதுப் பையனாக ஹிரோஷிமாவில் பள்ளிச் சுவரருகே நின்றிருந்தார். அந்தச் சுவர் மறைத்ததால் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூவரும் இடிந்து எரிந்த வீட்டுக்குள் இறந்தார்கள். அன்றே அம்மாவுக்குப் பிறந்த பெண் குழந்தையும் சில மாதங்களில் போய்விட்டது. டோக்கியோவுக்குப் போய் மங்கா வரைந்துகொண்டிருந்த அவர், அணுகுண்டு என்ற பேச்சையே வெகுநாள் தவிர்த்தார். 1966இல் அம்மா இறந்தார். எரித்த பிறகு எலும்பு எடுக்கப் போனபோது எலும்பாக எதுவும் மிஞ்சவில்லை, சாம்பல்தான் இருந்தது. அம்மாவின் எலும்பைக்கூட அந்தக் குண்டு விட்டுவைக்கவில்லை என்ற கோபத்தில் வரையத் தொடங்கினார். 1973இல் 'வெறுங்கால் கென்' வந்தது. அதன் கோபம் யாரையும் விடவில்லை. குண்டு போட்டவர்களையும் கேள்வி கேட்டார், போரைத் தொடங்கிய தம் நாட்டு ஆட்சியாளர்களையும் கேள்வி கேட்டார். 2009இல் கண்பார்வை குன்றியபோது, தொடர எண்ணியிருந்த பகுதியைக் கைவிட்டுப் பேனாவை வைத்துவிட்டார். ஆனால் பேசுவதை விடவில்லை. 2012இல் மறையும்வரை தாம் கண்டதை மற்றவர்களுக்குச் சொன்னார். கோபத்தை இப்படி வேலையாக மாற்றவும், முடியாதபோது வேலையை வேறு வழிக்கு மாற்றவும் தெரிந்தவரை நான் வணங்குகிறேன்.

கடைசியாக, வாசகர்களாகிய நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 1998இல் 'ஹண்டர் ஹண்டர்' தொடரைத் தொடங்கிய யோஷிஹிரோ தொகாஷி, முதுகுவலியால் பல முறை நிறுத்தி நிறுத்தித்தான் வரைகிறார். இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை என்று 2022இல் அவரே எழுதினார். படுத்துக்கொண்டு வரைகிறார். சோம்பேறி என்று அவரைத் திட்டிய வாசகர்கள் எத்தனையோ பேர். அந்த ஆண்டின் இறுதியில் இதழே முடிவெடுத்து, அவருடைய தொடரை வாரக் கெடுவிலிருந்து விடுவித்தது. அது நல்ல முடிவு. முன்பே வந்திருக்க வேண்டிய முடிவு.

கென்தாரோ மியுராவுக்கு அப்படி ஒரு விடுதலை வாய்க்கவில்லை. 1989 முதல் அவர் வரைந்த 'பெர்செர்க்' கொடூரமும் கருணையும் கலந்த கதை. ஒவ்வொரு கட்டத்தையும் செப்புத் தகட்டில் கீறியதுபோல் நுணுக்கமாக வரைந்தார். 2021 மே மாதம், 54 வயதில், இதயப் பெருந்தமனி கிழிந்து இறந்தார். கதை முடியவில்லை. பள்ளிக்கூட நண்பரும் ஓவியருமான கௌஜி மோரியிடம் மட்டும் பல ஆண்டுகளுக்கு முன்பே கதையை முடிவுவரை சொல்லியிருந்தார். 2022இல் மியுராவின் உதவியாளர்கள் வரைய, மோரி கதையைச் சொல்ல, தொடர் மீண்டும் வந்தது. மியுரா தம்மிடம் சொன்னதை மட்டுமே வைப்பேன், சொந்தமாக எதையும் சேர்க்க மாட்டேன் என்று மோரி வாசகர்களுக்கு வாக்குக் கொடுத்தார். நண்பனின் சொல்லைப் பத்திரமாக வைத்திருந்து, பேராசைப்படாமல் அதை உரியவர்களிடம் சேர்ப்பது எவ்வளவு பெரிய குணம்! நம் மனத்தில் இருப்பதைச் சொல்லிவைக்க அப்படி ஒருவரையாவது சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

இவர்கள் எல்லோரையும் நான் நேசிக்கிறேன். தெசுகாவைவிடப் பெரிய ஓவியர் மங்காவில் இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் என் பேரப்பிள்ளைகள் யாரைப்போல வாழ வேண்டும் என்று கேட்டால் மிசுகியைத்தான் சொல்வேன். கையை இழந்தும் கலையை விடவில்லை. நாற்பது வயதுவரை பெயர் வராவிட்டாலும் கலங்கவில்லை. கதை சொன்ன கிழவியையும் சோறு கொடுத்த தீவு மக்களையும் மறக்கவில்லை. சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஒரு நாளும் அவமதிக்கவில்லை.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, பிடித்த வேலையைத் தேடிப் பிடியுங்கள், முழு மனத்தோடு செய்யுங்கள். ஆனால் இரவு வந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். பெற்றவர்களே, பிள்ளை எத்தனை மணி வரை படித்தான் என்று ஊருக்குச் சொல்வதை நிறுத்துங்கள். இரவு நன்றாகத் தூங்கினாயா என்று காலையில் அவனைக் கேளுங்கள். அவன் கையில் மங்கா இருந்தால் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வலமிருந்து இடமாக, நீங்களும் சேர்ந்து படியுங்கள்.